பள்ளிக்கூட எல்லையும் மேயரின் பொன்னாடையும்

எங்கள் வீட்டு முகவரியில் ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த ஊரில் இல்லை. இது எனக்கே வீடு வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஹூஸ்டனுக்கு மேற்கே ஃப்ரீவே நெடுஞ்சாலையை ஒட்டி இப்படி எத்தனையோ குடியிருப்புகள் உண்டு. தபால்காரரின் வசதிக்காக முகவரியில் ஊர்ப்பெயர் போட்டிருப்பார்கள். நகராட்சியின் எல்லை அதற்கு வெகு முன்னாலேயே முடிந்திருக்கும். தண்ணீருக்கு ஒரு தனி வாரியம், சாலைக்குக் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகம், வாசல் புல் வளர்ந்துவிட்டால் அபராதம் போடக் குடியிருப்புச் சங்கம், பிள்ளைகளின் படிப்புக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசாங்கம். கேட்டவர்களுக்கெல்லாம் பணம் கட்டுவோம். எதற்கு யாரிடம் போக வேண்டும் என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்குவதற்காக வெட்டிய குளம் ஒன்று இருக்கிறது. குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. அதன் மறுமுனையில் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான அரசுப் பள்ளி. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வயதுப்படி நான்காம் வகுப்பு. ஆனால் அவள் படித்தது நீளமான வராந்தாவின் கடைசியில் இருந்த தனி வகுப்பில். அவளுக்கு ஆட்டிசம். பேச்சு வருவதற்கு ரொம்ப நாள் ஆனது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். அந்த வகுப்பில் இருந்த உதவி ஆசிரியை ஒருத்தியிடம்தான் முதலில் பேசினாள். என்ன பேசினாள்? "நோ" என்றாள். அந்த அம்மாள் அதை எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னபோது ஆபீஸ் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

அவளுக்கு எதையும் இடம் மாற்றக்கூடாது. நாங்கள் போகும் மளிகைக் கடையில் பால் வைக்கும் இடத்தை மாற்றினார்கள் என்பதற்காக ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்தக் கடைப்பக்கமே வர மறுத்தாள். அதனால் எனக்கு அந்த அறையும், அந்த உதவி ஆசிரியையும், தினமும் குளத்தோரம் நடந்து போகும் பாதையும்தான் முக்கியம். பள்ளியின் ரேட்டிங் பத்துக்கு ஒன்பதா பத்தா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஊர் பெருகிக்கொண்டே போனது. மேய்ச்சல் நிலமாக இருந்ததெல்லாம் வீடுகள் ஆயின. எங்கள் பள்ளியில் இடம் போதவில்லை. ஓவிய அறையை வகுப்பறை ஆக்கினார்கள், அதுவும் போதவில்லை. கடைசியில் டிஸ்ட்ரிக்ட் ஒரு சீரமைப்புத் திட்டம் போட்டது. பள்ளிகளின் எல்லைகளை மாற்றி வரைவார்கள். எங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் எல்லோரும் ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் புதுப் பள்ளிக்குப் போக வேண்டும். தனி வகுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். தனி வகுப்புக்கு எல்லைக்கோடு கிடையாது. டிஸ்ட்ரிக்ட் எங்கே வைக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான்.

அந்த வகுப்பின் ஆசிரியை எனக்கு நிலைமையை விளக்கமாகவே சொன்னாள். "உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் போனால் இங்கே மூச்சுவிட இடம் கிடைக்கும். போகாவிட்டால் முதலில் கை வைப்பது எங்கள் அறைகளில்தான்." ஆக, அந்தக் குடியிருப்பிலேயே திட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் கொதித்தார்கள். எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பாதிப்பேர் வீடு வாங்கியதே அந்தப் பள்ளிக்காகத்தான். வாட்ஸாப் குழுவில் காலையில் ஃபோனைக் கீழே வைத்தால் மதியத்துக்குள் அடுப்பில் வைத்த பால் மாதிரிப் பொங்கி நிற்கும். வீட்டு விலை விழுந்துவிடும் என்றார்கள். புதுப் பள்ளிக்கு ரேட்டிங்கே கிடையாது என்றார்கள். புதுசாகக் கட்டிய பள்ளிக்கு ரேட்டிங் எங்கிருந்து வரும்? இதைக் கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர்கள் சொன்ன ஒன்றில் நியாயம் இருந்தது. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் அப்பா அம்மாக்களால் கார் ஓட்ட முடியாது. இந்தப் பள்ளி என்றால் நடந்துபோய்ப் பேரப்பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவார்கள். ஃப்ரீவேயை யார் நடந்து கடப்பது? அது பொய்யில்லை.

குடியிருப்பு கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை, நாங்கள் எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடுகிறவர். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அதற்கு முன்னால் சென்னையில் அரசு ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்தவர். பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். நான் வேலை முடித்து வரத் தாமதமானால் என் மகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதும் உண்டு. அவருக்கும் அவர் மனைவி ஆன்ட்டிக்கும் அவள் 'கொஞ்சம் கூச்ச சுபாவம்' உள்ள பெண். நாங்கள் அதற்கு மேல் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தமிழர் வீடுகளில் இதற்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

"போர்டு மீட்டிங், கமிட்டி மீட்டிங் எல்லாம் கீழ்மட்டம்," என்றார் அங்கிள், சமோசா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "அங்க போய்க் கத்தி என்ன பிரயோஜனம்? நேரா டாப்ல போகணும். மேயரை மீட் பண்ணலாம். அவர் ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது."

"அங்கிள், ஸ்கூலுக்கும் மேயருக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்னப்பா பேசற? ஊருக்கே மேயர். ஊர்ல இருக்கற ஸ்கூலுக்கு இல்லாமப் போயிடுவாரா? பூசாரியைப் பாக்கறதுக்கு முன்னாடி சாமியைப் பாத்துடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது விவரம் தெரியாது. கலெக்டரிடம் மனு கொடுத்து வளர்ந்த சனங்கள் நாங்கள். மேலே ஒருத்தர் இருப்பார், அவர் மனசு வைத்தால் நடக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

மேயரைப் பார்க்கப் போகும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். "லேடீஸ் ரெண்டு பேராவது வேணும்மா, ஃபோட்டோல நல்லா இருக்கும்," என்றார் அங்கிள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணத்தை வெளியில் சொல்ல முடியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பட்டிமன்றத்துக்கு வரும் பேச்சாளர்களுக்குப் போர்த்துவதற்காக அங்கிளின் கராஜில் ஒரு பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கும். அதில் நல்ல ஊதா நிறத்தில், அகல ஜரிகை போட்ட ஒன்றை எடுத்து வந்திருந்தார். பழக்கூடை, பக்கத்து ஊர் பேர்லேண்டில் இருக்கும் கோயிலின் பிரசாதம், சந்தன மாலை. நகராட்சி அலுவலகம் சின்னக் கட்டடம். வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு, யாருக்காவது கல்யாணமா என்று கேட்டாள்.

மேயர் பண்பானவர். மாலையைப் போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டார். பொன்னாடையைப் போர்த்தினார்கள், மிகவும் அழகாக இருக்கிறது என்றார். கடைசி வரைக்கும் அதைக் கழற்றவில்லை. அங்கிள் பள்ளி விஷயத்தை விலாவாரியாகச் சொன்னார். மேயர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்ததும், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் பள்ளிகள் என் கையில் இல்லை என்றார். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனி அரசாங்கம். அதற்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர் கொண்ட போர்டு இருக்கிறது. அவர்கள் தனியாக வரி போடுகிறார்கள், தனியாக முடிவெடுக்கிறார்கள். ஒரு பள்ளி மணியை ஐந்து நிமிடம் தள்ளி அடிக்கச் சொல்லக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது என்றார். போர்டு கூட்டத்துக்குப் போங்கள், அன்று மதியத்துக்குள் பெயர் கொடுத்தால் யாரும் பேசலாம் என்று வழியும் சொன்னார். பிறகு, எந்தக் குடியிருப்பு என்று கேட்டார். சொன்னோம். சுவரில் இருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் என் நகர எல்லைக்குள்ளேயே இல்லை," என்றார். "ஆனாலும் வந்ததற்கு நன்றி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளிக்கும் அவர் மேயர் இல்லை, எங்களுக்கும் இல்லை! சம்பந்தமே இல்லாத ஒரு மனிதருக்குச் சம்பந்தி மரியாதை செய்துவிட்டு வந்திருந்தோம். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். ஃபோட்டோவில் நான் மட்டும் அப்படித்தான் நிற்கிறேன்.

இத்தோடு எல்லோரும் போர்டுக்குப் போய் நிற்பார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் எங்கள் ஆட்களை நான் குறைவாக எடை போட்டிருந்தேன். வெளியே வந்ததும் அங்கிள் காரில் சாய்ந்துகொண்டு திருப்தியாகச் சொன்னார்:

"பாத்தீங்களா, எவ்ளோ டீசன்ட்டா பேசினார்! பெரிய பொசிஷன்ல இருக்கறவங்க வெளிப்படையா 'பண்றேன்'னு சொல்ல மாட்டாங்க. என் கையில இல்லைன்னுதான் சொல்வாங்க. ஆனா உள்ளுக்குள்ள சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடுவாங்க. நான் எத்தனை மந்திரிங்களைப் பாத்திருக்கேன்!"

"பொன்னாடையைக் கழட்டவே இல்லையே, அதுலயே தெரியலையா?" என்றார் இன்னொருவர்.

தலையாட்டினார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படித்தான் இல்லை என்று சொல்வார்? ஆனால் எங்கள் ஊரில் இல்லை என்பதற்கு இல்லை என்று மட்டும் பொருள் கிடையாது. அதற்குள் ஓர் 'ஆகட்டும்' ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பவர்தான் விவரமானவர். அன்று மாலையே ஃபோட்டோ குழுவில் வந்தது. கைகூப்பும் பொம்மைகள் கொட்டின. விஷயம் முடிந்த மாதிரிதான் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் அவர்களைத் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? அவர்கள் மேயரின் ஃபோனுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் என் பெண்ணுக்கு நல்ல நாள். போர்டு நடத்திய முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து ஒருவரும் போகவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டே நேரலையில் பார்த்தேன். வேறு குடியிருப்புக்காரர்கள் இரண்டு பேர் பஸ் நேரம் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். மடித்த துணியை அடுக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அடுத்தது கடைசிக் கூட்டம், அன்றே ஓட்டெடுப்பு என்று டிஸ்ட்ரிக்டிலிருந்து அறிவிப்பு வந்தது. திட்டத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அங்கிள் மேயர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். வரவேற்புப் பெண், மேயர் சொன்னதையே வரிக்கு வரி திரும்பச் சொன்னாள். அங்கிளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஒரே நாளில் எழுந்துவிட்டார். சனிக்கிழமைக்குள் மஞ்சள் டிஷர்ட் அச்சாகி வந்தது. பேசுவதற்குப் பெயர் கொடுக்க ஆட்களைத் திரட்டினார். யாரோ ஒரு வக்கீலைக் கலந்து, எல்லோரும் பேச ஓர் உரையை எழுதிக் குழுவில் போட்டார்கள். ஊர் கூடினால் தேர் நகரும் என்பது எனக்கும் தெரியும். தேருக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த உரை வந்த அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "நான் அங்கிள்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடப் போறனுங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். "சொன்னா குரூப் முழுக்கத் தெரிஞ்சிரும். அப்புறம் ஊருக்கும் போயிரும்."

"போகட்டும்."

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலையே."

"அவங்ககிட்டச் சொல்ல வேண்டியது உங்க வேலைங்க. இது என் வேலை."

அவருக்கு மகள் மேல் பாசமில்லாமல் இல்லை. அவள் நடந்து போகும் பாதையில் பனிக்காலத்தில் முன்னாலேயே போய் நாய் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவர் அவர்தான். ஆனால் வெளியே சொல்வது என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அங்கிள் வீட்டில் ஆன்ட்டி காப்பி கொடுத்தார். வராந்தாவின் கடைசியில் இருக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். என் மகள் அதில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். நாம் ஜெயித்தால் அந்த அறைகள் போய்விடும் என்றும் சொன்னேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கா குழந்தை. கொஞ்சம் ஷை, அவ்ளோதானே."

"இல்ல அங்கிள்."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்த நாட்டுல ஸ்பெஷல் கிட்ஸுக்குன்னு சட்டமே இருக்கு. அவங்களை டிஸ்ட்ரிக்ட் கைவிடவே முடியாது. நம்ம பசங்களுக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை."

"சட்டம் ஒரு கிளாஸ் கொடுக்கும் அங்கிள். அதே கிளாஸ்தான் கொடுக்கணும்னு இல்லை. உங்க ஸ்பீச்ல ஒரு வரி சேத்துக்குங்க. நாங்க இங்கயே இருக்கோம், தனி கிளாஸ் பிள்ளைங்களையும் அனுப்பாதீங்கன்னு ஒரே ஒரு வரி."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். "வக்கீல் சொல்லிட்டாரும்மா, ஒரே பாயின்ட்தான் பேசணும்னு. ரெண்டு விஷயம் கேட்டா ரெண்டும் கிடைக்காது. முதல்ல இதை ஜெயிப்போம். அப்புறம் உன் விஷயத்துக்கு நானே மஞ்சள் டிஷர்ட் போட்டுட்டு வரேன்."

ஆன்ட்டி ஒரு டப்பாவில் தட்டை போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கார்க் கதவைக் கோபத்தில் ஓங்கிச் சாத்தினேன்.

போர்டு கூட்டம் நடந்த அரங்கில் அன்று உட்கார இடமில்லை. எங்கு பார்த்தாலும் மஞ்சள். என் கணவரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். அங்கிள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார், எப்படி மறுப்பது என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் நீலப் புடவையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் ஏழு பேர். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கு இரண்டு நிமிடம்; முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

எங்கள் ஆட்கள் பேசினார்கள். குழுவில் போட்ட உரையை எல்லோரும் அப்படியே படித்தார்கள். மூன்றாவது ஆளுக்கு மேல் போர்டு அம்மாள் ஒருத்தி வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நடுவில் ஒருவர் 'உங்கள் பெயரை இங்கே சொல்லவும்' என்பதையும் சேர்த்துப் படித்தார். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. ஆனால் போர்டு அதை நையாண்டியாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேர் ஒரே குரலில் பேசுவதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. எங்கள் பகுதிக்கான உறுப்பினர் அரங்கை இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் சட்டைகளில் பாதிப்பேருக்குக் குடியுரிமையே இல்லை, ஓட்டும் இல்லை. இருக்கிறவர்களும் நவம்பரில் ஜனாதிபதிக்குப் போடுவார்கள். போர்டு தேர்தல் மே மாதம் நடப்பதே பலருக்குத் தெரியாது. அவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அத்தனையும் ஓட்டு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பெயர் கொடுத்ததை என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். எழுந்தபோது அங்கிள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்; நானும் அந்த உரையைத்தான் படிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான் கையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் சட்டை போட்டவர்கள் என் அண்டை வீட்டுக்காரர்கள், என் மொழிக்காரர்கள் என்று சொன்னேன். அவர்கள் சொன்ன ஃப்ரீவே கஷ்டம் உண்மை என்றும் சொன்னேன். என் மகள் தனி வகுப்பில் படிக்கிறாள். அந்த அறையில்தான் பேசக் கற்றுக்கொண்டாள் என்றேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்றால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கள் குடியிருப்பை அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகள் புது இடத்தில் ஒரு வாரத்தில் நண்பர்களைப் பிடித்துவிடுவார்கள், இவர்களால் முடியாது என்றேன். சிவப்பு விளக்கு எரிவதற்குள் முடித்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. என் இருக்கைக்குத் திரும்பி வரும்போது அத்தனை தெரிந்த முகங்களும் தெரியாத முகங்களாக இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. தலைநிமிர்ந்துதான் நடந்தேன்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் போர்டு உறுப்பினர் ஒருவர் டிஸ்ட்ரிக்ட் அதிகாரியைக் கேட்டார்: இந்தக் குடியிருப்பை இங்கேயே வைத்துக்கொண்டால் இடத்துக்கு எங்கே போவது?

அதிகாரி கையிலிருந்ததைப் புரட்டினார். தனி வகுப்புகளை வேறு பள்ளிக்கு மாற்றலாம், சிறு எண்ணிக்கைதான், சட்டப்படி சேவை எதுவும் குறையாது என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டு. குடியிருப்பு இருக்கும், தனி வகுப்பு போகும்.

அரங்கம் எழுந்து கை தட்டியது. எங்கள் சனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கார் பார்க்கிங்கில் அங்கிள் எங்களைப் பார்த்து வந்தார். என்னிடம் பேசவில்லை. என் கணவரின் தோளில் கை வைத்து, "நீயாவது சொல்லியிருக்கலாமே தம்பி. நம்மளையே அனுப்பச் சொல்லி எல்லார் முன்னாடியும் பேசலாமா?" என்றார்.

"அவ சொன்னது சரிதான் அங்கிள்," என்றார் என் கணவர்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த மஞ்சள் சட்டையோடுதான் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம் வந்த நாள் வேறில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் ஈரோட்டுக்கு ஃபோன் போட்டு அவருடைய அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் அழுதார். பிறகு, குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்டார்.

மறுநாள் ஆன்ட்டி கேசரி கொண்டுவந்தார். ஜெயித்ததற்கு எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டை விட்டுவிட அவருக்கு மனசில்லை. கதவருகிலேயே நின்றார். "உன் மேல கோவம்லாம் இல்லம்மா. அங்கிள் ராத்திரி தூங்கவே இல்ல," என்றார். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அங்கிள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் இல்லை. அடுத்த கூட்டத்தில் மஞ்சள் சட்டையோடு போய்த் தனி வகுப்புக்காகப் பேசினார். தனியாகத்தான் போனார். ஏழு பேரும் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. என் மகளின் புது வகுப்பு ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம், எல்லோரும் வேண்டாம் என்ற அதே புதுப் பள்ளியில். நல்ல கட்டடம். அறை பெரியது. ஆசிரியை அன்பானவள்தான். பழைய உதவி ஆசிரியை கூட வரவில்லை; அவளுக்கு வீடு இந்தப் பக்கம். டிஸ்ட்ரிக்ட் சின்ன மஞ்சள் பஸ் ஒன்றை எங்கள் வாசலுக்கே அனுப்பியது. முதல் வாரம் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு தானாக ஏறினாள். ஆனால் பேச்சு வீட்டிலும் நின்றுவிட்டது. ஆகஸ்டில் பேசவில்லை, செப்டம்பரிலும் பேசவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட், பொறுமையாக இருங்கள் என்றாள்.

அக்டோபரில் ஒரு காலை. நானும் அவளும் வாசலில் பஸ்ஸுக்காக நின்றோம். அந்த நேரத்தில்தான் குடியிருப்பின் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு குளத்துப் பாதைக்குத் திரும்புவார்கள். யாரோ ஒருவருடைய அப்பா, ஊரிலிருந்து வந்தவர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளை திரும்பும் வரைக்கும் பார்த்தாள்.

"மை ஸ்கூல்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதம் கழித்து வந்த குரல். "ஆமாடா கண்ணு," என்றேன்.

"எவ்ரிபடி கோயிங் டு மை ஸ்கூல்," என்றாள். அவ்வளவு நீளமாக அவள் அதுவரை பேசியதே இல்லை. நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய தனி வகுப்பில் அடம் பிடித்துக் கத்தும் பிள்ளையை வேறு அறையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். சமாதானம் ஆனதும் திரும்ப அழைத்து வருவார்கள். அதை வைத்துத்தான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஐ வாஸ் பேட்?" என்று கேட்டாள்.

இல்லை என்று தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். பஸ் வந்து நின்று கதவு திறந்தது. நான் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "ஐ பி குட்," என்று சொல்லிவிட்டு, நான் சொல்லாமலே ஏறிப்போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.